சிவப்பு மையில் ஒன்பது நிமிடம்

செய்தி எனக்குப் பதினொரு நிமிடம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. மதுக்கரைப் பக்கம் பள்ளி வேனில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. வண்டி ஓடும்போது போனைத் தொடக்கூடாது என்று எனக்குச் சொன்னவர் எவரோ, அவர் இறந்துபோன செய்திதான் அந்தப் போனில் காத்திருந்தது. கடைசிப் பிள்ளையும் வீட்டுக்குள் போன பிறகு வேனை ஓரம்கட்டித் திருப்பிக் கூப்பிட்டேன். "அப்பா போயிட்டாருங்கண்ணா," என்றார் ஸ்டெல்லா. அவருடைய ஒரே மகள்.

இருதயராஜ் அண்ணனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உக்கடம் பேருந்து நிலையத்தில் தனியார் பேருந்துகளுக்கு டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் எழுதுவது வேலை. சம்பளம் கொடுத்தவர்கள் பஸ் முதலாளிகள். மற்ற டைம் கீப்பர்கள் தாமதமாக வரும் வண்டியைத்தான் கேள்வி கேட்பார்கள். இவர் நேர்மாறு. சீக்கிரம் வந்த வண்டியைத்தான் சும்மா விடமாட்டார். அதை எழுதுவதற்கென்றே தனியாக ஒரு சிவப்புப் பேனா வைத்திருந்தார்.

நான் அப்போது பொள்ளாச்சி லைனில் புது டிரைவர். முன்னால் போகிற வண்டியை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்து ஆட்கள் நமக்கு. அப்படி முந்தி முந்தி ஒருநாள் ஆறு நிமிடம் முன்னால் வந்து சேர்ந்தேன். அண்ணன் வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏனுங்க தம்பி, இந்த ஆறு நிமிஷத்த எங்கிருந்து எடுத்துட்டு வந்தீங்க?"

"ரோடு காலியா இருந்துச்சுங்கண்ணா."

"ரோட்டுல நடந்து போறவங்ககிட்ட இருந்து எடுத்துட்டு வந்திருக்கறீங்க. ஆறு நிமிஷம் இங்கயே நில்லுங்க."

நல்ல வெயில். பயணிகள் அவரையும் திட்டினார்கள், என்னையும் திட்டினார்கள். பாதிப் பேர் இறங்கி நடந்தார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். சரியான நேரம் வந்ததும், "நேரமாச்சுங்க, எடுங்க," என்றார். எல்லா வண்டிக்கும் அவர் சொல்லும் வார்த்தை அதுதான். "பொறக்கறப்பக்கூட நேரமாகற வரைக்கும் உள்ளாறயே நின்னிருப்பாருங்க இவரு," என்று என் கண்டக்டர் சொல்ல, வாசலில் இருந்த டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகாவது திருந்தினேனா என்றால் இல்லை. என் பேருந்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இருந்தது. அதன் ஒயரைக் கழற்றிப்போட்டுத்தான் ஓட்டினேன். போலீஸ் நிற்கும் இடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அங்கே மட்டும் நல்ல பிள்ளையாகப் போவேன்.

ஒரு நாள் காலை, குறிச்சிப் பிரிவுக்குப் பக்கத்தில் இடதுபுறம் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு நன்றாகவே கேட்டது. கண்ணாடியில் பார்க்கவில்லை. நிறுத்தவும் இல்லை. உக்கடத்துக்கு ஒன்பது நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் வழக்கம்போல வாசலில் நிறுத்தி, சிவப்பு மையில் எழுதிக்கொண்டார்.

மத்தியானம் போலீஸ் வந்தது. மொபெட்டில் பால் கொண்டுபோன ராமசாமி என்பவரை ஒரு பேருந்து இடித்துவிட்டுப் போயிருக்கிறது. வலது கால் நசுங்கி, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பேருந்தின் நிறத்தையும் நேரத்தையும் பார்த்தவர்கள் சொல்லியிருந்தார்கள். எங்கள் முதலாளி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அட்டவணைப்படி அந்த நேரத்துக்கு எங்கள் வண்டி குறிச்சிக்கு முன்னால் வரும் மலுமிச்சம்பட்டியையே தாண்டியிருக்காது. சரியான நேரத்துக்குத்தான் உக்கடம் வந்தது என்று நோட்டில் இருந்துவிட்டால், இடித்தது நாங்கள் இல்லை. அண்ணனிடம் கேட்கச் சொல்லி என்னையே அனுப்பினார்.

"ஒரே ஒரு வரிங்கண்ணா. மாத்தி எழுதிருங்க. இல்லாட்டி என் பொழப்பே போயிருமுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்குப் பொழப்புங்க தம்பி. அவருக்குக் கால் போச்சுங்க." பிறகு, "சத்தம் கேட்டுச்சுங்களா?" என்றார்.

"இல்லீங்க," என்றேன்.

நோட்டு அப்படியே போலீஸ் கைக்குப் போனது. வழக்கு நடந்தது. என் லைசன்ஸை முடக்கினார்கள். அந்த வாரமே முதலாளிகள் கூடிப் பேசி அண்ணனை வேலையிலிருந்து எடுத்தார்கள். அதற்காவது நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். மாறாக, அவரை நான் பேசாத பேச்சில்லை. "அந்த மனுசன் செத்தாக்கூட எட்டிப் பாக்கமாட்டேன்," என்று அதே டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னேன்.

லைசன்ஸ் திரும்பி வந்தபோது எனக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடித்த வெள்ளைச் சட்டையோடு அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பள்ளியில் வேன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் அப்போது இருந்தார்.

"வேன் ஓட்ட ஆள் வேணுமுங்க. சிஸ்டர்கிட்ட ஒண்ணையும் மறைக்காமச் சொல்லிப்போட்டேன். நிறுத்தாமப் போனவருங்க, இனி நிறுத்துவாருங்கன்னு. ஆனா மொதல்ல ஒரு எடத்துக்குப் போயிட்டு வரோணும், வாங்க."

கூட்டிப்போன இடம் ராமசாமியின் வீடு. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று அண்ணன் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சத்தம் கேட்டுச்சுங்களா?"

தலையைக் குனிந்துகொண்டு, "கேட்டுச்சுங்க," என்றேன்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டுச்சாம் அம்மணி. நான் அன்னைக்கே சொன்னனல்ல, அந்த டிரைவருக்குக் கேட்டிருக்குமுன்னு. ஒருத்தரும் நம்புல." அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ராமசாமி எங்களைக் காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். திரும்பி வந்து பிரியும்போது அண்ணன் என் தோளைத் தொட்டு, "இனித் தூக்கம் வருமுங்க கண்ணு," என்றார்.

பிறகு எத்தனையோ வருடம் அவருக்குக் கீழே வேன் ஓட்டினேன். ஒயர் கழற்றாத வேன். பிள்ளைகள் பின்னாலிருந்து, "அங்கிள், அந்த வேனை முந்துங்க," என்று கத்துவார்கள். நான் முந்தியதே இல்லை. பள்ளிக்கு முன்கூட்டியே வந்துவிட்டால் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அங்கேயும் அவர் கடிகாரத்தோடு நின்றிருப்பார். இத்தனைக்கும் நடுவில், அவர் வேலை போனதற்கு ஒரு நாளும் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அந்த 'நாளைக்கு' இனி வராது என்பதுதான் மனசை அறுக்கிறது.

அமரர் ஊர்தியை ஓட்ட ஆள் ஏற்பாடாகியிருந்தது. ஸ்டெல்லாதான் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அப்பாவ நீங்களே கொண்டு வாங்கண்ணா," என்றார். டீக்கடையில் நான் பேசியதெல்லாம் அவருக்கும் தெரியும்.

அடக்கம் நான்கு மணிக்கு. போக்குவரத்து அன்று குறைவு. மெதுவாகத்தான் ஓட்டினேன். அப்படியும் மூன்று ஐம்பத்தாறுக்கே கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டோம். வாசலுக்கு வெளியே நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். வண்டி கோளாறு என்று நினைத்துப் பின்னால் வந்தவர்கள் ஓடிவந்தார்கள். "ஏனுங்க, உள்ள எடுக்கலாமுங்களே," என்றார் ஒருவர்.

"இன்னும் நாலு நிமிஷம் இருக்குதுங்க," என்றேன்.

ராமசாமி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அவருக்குப் புரிந்தது. உக்கடத்துப் பழைய டிரைவர்கள் இரண்டு மூன்று பேர் தலையிலிருந்து துண்டை எடுத்தார்கள். அந்த நான்கு நிமிடத்தில், எத்தனையோ வருடமாகக் கேட்காத மன்னிப்பை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டு முடித்தேன்.

பக்கத்து இருக்கையில் ஸ்டெல்லா அப்பாவின் கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டு அதைப் பார்த்தார்.

"நேரமாச்சுங்கண்ணா, எடுங்க."

வண்டியை எடுத்தேன்.