வாயை மறைக்காமல் எடுத்த காது டெஸ்ட்

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒலியைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதையே நானும் எழுதினால் ஒருத்தரும் படிக்க மாட்டீர்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். பெரியவர்கள் செய்த தப்பு என்றால் உங்களுக்குத் தனி ருசி என்று தெரியும்.

கொல்லயில் என்ற கேரள எல்லையோர ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி நெய்யாற்றின்கரையில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு வேலைக்குப் போகிறவள் நான். ஆடியோகிராம் எடுப்பது என் வேலை. யாருக்கு எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கிராஃப் போட்டுக் கொடுக்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

1. மெஷின் இல்லாத நாள்

அன்றைக்கு ஆடியோமீட்டர் காலிபரேஷனுக்குப் போயிருந்தது. மெஷின் சரியான அளவில் சத்தம் தருகிறதா என்று அதையே சோதிக்க அனுப்புவோம். "இண்ணைக்கு ஆரையும் எடுக்கண்டாம், அடுத்த ஆழ்ச வரச் சொல்லு" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கடற்கரையிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர் பெயர் ஸ்டான்லி. மீன்பிடி வள்ளத்தில், பின்னால் மாட்டும் வெளி எஞ்சினை ஓட்டுகிறவர். அவள் ஷெர்லி, கணுக்காலில் கட்டுப் போட்டு நொண்டி நொண்டி வந்தாள். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"சேச்சி, எனக்கு ஒரு காரியம் மட்டும் அறிஞ்சா போதும். இவருக்குக் காது கேக்காதா, இல்ல நான் விளிச்சா திரும்பப்படாதுன்னு மனசா?"

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்திருக்கிறாள். எழுந்திருக்க முடியவில்லை. வீட்டின் முன்பக்கம் வலை தைத்துக்கொண்டிருந்த ஸ்டான்லியைக் கூப்பிட்டிருக்கிறாள்.

"எத்தன விளி விளிச்சேன் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரி வேலியத் தாண்டி ஓடி வாறா. இவரு ஊசியும் நூலுமா இருக்காரு. கூட்டுக்காரனுவ பேசினா மட்டும் எல்லாம் கேக்கும். எனக்க சத்தம்தான் ஆவாது."

"எனக்குக் காதுக்கு ஒரு கேடும் இல்ல, சேச்சி. எல்லாம் கேக்கும்" என்றார் ஸ்டான்லி. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன். அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். மெஷின் இல்லாவிட்டால் என்ன, இத்தனை வருட அனுபவம் இருக்கிறதே என்று நினைத்தேன்.

அவரை எதிரில் உட்காரவைத்து, மெதுவான குரலில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். மழை, தோணி, வாழை, மாங்காய். நான் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். குரலை இன்னும் இறக்கினேன். ஒரு வார்த்தையில் மட்டும் தடுமாறினார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"காதுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஸ்டான்லிக்குச் சந்தோஷம். ஷெர்லி தரையைப் பார்த்தாள். "அப்பம் மனசுதான் ஆக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

2. பேசாமல் பேசுகிறவர்கள்

இரண்டு வாரம் கழித்து அந்தக் கடற்கரையிலேயே ஒரு சர்ச் ஹாலில் எங்களுக்குக் காது பரிசோதனைக் கேம்ப் இருந்தது. அன்றைக்கு வேலியைத் தாண்டி ஓடிய பக்கத்து வீட்டுக்காரி அங்கே வந்து சொல்லித்தான் தெரியும், ஷெர்லி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பாறசாலைப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "டெஸ்டுல காது நல்லா இருக்குன்னு வந்தாச்சாமே. பின்ன அவ எப்பிடி இருப்பா?" என்றாள்.

மத்தியானம் வெளியே வந்தபோது கரையோரத்தில் ஒரு வள்ளத்தில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சுக்கூடு அதிரும் சத்தம். அதன் பக்கத்தில் ஸ்டான்லி நின்றார். மணலில் நின்ற ஒருத்தரோடு பேசிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் கத்தவில்லை. வாய் அசைகிறது, கை கொஞ்சம் அசைகிறது, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

எஞ்சினை நிறுத்தியதும் மணலில் நின்றவரிடம் கேட்டேன். "இந்தச் சத்தத்தில அவரு சொன்னது எப்பிடிக் கேட்டுது?"

"கேக்கவா? ஆரு கேட்டா?" என்று அவர் சிரித்தார். "வாயப் பாத்தா அறியாதா? கடலுல எங்களுக்கு எல்லாம் வாயப் பாத்துத்தான் பேச்சு."

நான் என்ன சோதனை செய்தேன் என்று அப்போதுதான் புரிந்தது. என் வாயை அவர் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு அவருடைய காதைச் சோதித்திருக்கிறேன். அவரும் ஏமாற்றவில்லை. சின்ன வயதிலிருந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் அப்படியே பழகியவர், தான் வாயைப் பார்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

ஸ்டான்லி வள்ளத்திலிருந்து இறங்கி எனக்கு முதுகு காட்டி நின்றார். பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

இங்கே கொஞ்சம் பாடம். ஒலி என்பது நடுக்கம். சோற்றுத் தட்டைக் கரண்டியால் தட்டிவிட்டு விளிம்பில் விரல் வைத்துப் பாருங்கள், தெரியும். தட்டு பக்கத்துக் காற்றைத் தள்ளும், அது அடுத்த காற்றைத் தள்ளும். நெரிசலான பஸ்ஸில் பின்னால் ஒருத்தர் இடித்தால் அந்த இடி முன்னால் வரை வருகிறதல்லவா? ஆட்கள் இடம் மாறுவதில்லை, இடி மட்டும்தான் வருகிறது. அதுதான் ஒலி அலை. ஒரு நொடிக்கு எத்தனை நடுக்கம் என்பதை ஹெர்ட்ஸ் என்று சொல்வோம். செண்டை மேளத்தின் கனத்த முகமான வலந்தலை உறுமுவது குறைந்த ஹெர்ட்ஸ், விசில் கீச்சிடுவது அதிக ஹெர்ட்ஸ்.

காதுக்குள் அந்த அலை செவிப்பறையைத் தள்ளும், அது மூன்று குட்டி எலும்புகளை ஆட்டும், அவை நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் இருக்கும் திரவத்தை அசைக்கும். அங்கே மிகச் சிறிய மயிர் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவைதான் அசைவை மூளைக்குச் செய்தியாக்குகின்றன. வாசல் பக்கம் நிற்பவை கீச்சுச் சத்தத்துக்கு, உள்ளே இருப்பவை கனத்த சத்தத்துக்கு. தினமும் பேரிரைச்சலில் இருப்பவர்களுக்கு முதலில் அடிவாங்குவது வாசலோரத்தில் இருப்பவைதான். செத்த மயிர் செல் நமக்குத் திரும்ப முளைக்காது.

அதனால் ஸ்டான்லிக்குக் கனத்த ஆண் குரலும் கடலிரைச்சலும் கேட்கும். தனக்கு ஒன்றும் இல்லை என்று அவர் நம்பியதற்குக் காரணம் அதுதான். மெல்லிய குரல் மங்கிப் போகும். அதிலும் கனத்த சத்தம் சுவரைச் சுற்றி வளைந்து வந்துவிடும், கீச்சுச் சத்தம் அவ்வளவு வளையாது. ஷெர்லியின் குரலில் வீட்டைச் சுற்றி வந்து சேர்ந்த கொஞ்சநஞ்சக் கீச்சு ஒலியை வாங்கிக்கொள்ள அவர் காதில் போதுமான செல் இல்லை.

3. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஷெர்லிக்கு நானே போன் செய்தேன். "மோளே, தப்பு எனக்க பக்கம். ஒருக்கா வா" என்றேன். "வாறேன்" என்றாள்.

அதற்குள் மெஷின் வந்திருந்தது. சவுண்ட் பூத் என்பது வெளிச்சத்தம் புகாத சின்ன அறை, ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே ஸ்டான்லி ஹெட்போன் மாட்டி, கையில் பட்டனோடு உட்கார்ந்தார். சத்தம் கேட்கும்போது அமுக்க வேண்டும். என் முகம் தெரியாதபடி அவரைப் பக்கவாட்டில் திருப்பி உட்காரவைத்தேன். அதே சத்தம் கேட்கும் இன்னொரு ஹெட்போனை, வெளியே என் பக்கத்தில் இருந்த ஷெர்லிக்கு மாட்டிவிட்டேன். வழக்கத்தில் அப்படிச் செய்வதில்லை.

கனத்த சத்தங்களுக்கு அவர் டக் டக்கென்று அமுக்கினார். ஷெர்லியின் முகம் இறுகியது. நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு வந்தேன். பீப். அவள் காதில் தெளிவாகக் கேட்டது. அவர் அமுக்கவில்லை. கூட்டினேன். பீப். அமுக்கவில்லை. இன்னும் கூட்டினேன். ஷெர்லி ஹெட்போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். உள்ளே அவர் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, ஒன்றும் விட்டுவிடக் கூடாது என்று கவனமாகக் காத்திருந்தார்.

"சேச்சி, இதுகூடவா கேக்கல்ல?" என்றாள். "இவரு எப்பிடிக் காத்திட்டிருக்காரு பாருங்க." அழுதுவிட்டாள். எனக்கும் கண் நிறைந்தது, மறைக்கவில்லை.

பூத் கதவைத் திறந்ததும் அவளே உள்ளே போனாள். பின்னால் நின்று கூப்பிடாமல், சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றாள். "அண்ணைக்கு நான் விளிச்சேன்" என்றாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே, மக்கா" என்றார்.

இப்போது கரையில் இருக்கும்போது ஹியரிங் எய்டு வைத்துக்கொள்கிறார். எஞ்சின் ஓட்டும்போது காதுக்கு மூடி போட்டுக்கொள்கிறார், கூட்டுக்காரர்கள் கேலி செய்தாலும். போனதை அந்த மூடி திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும்.

என் மேசையில் பழைய காலண்டர் அட்டை ஒன்று இருக்கிறது. யாரிடம் வார்த்தை சொல்லிச் சோதித்தாலும் அதை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வேன். பிறகு மெஷினில் எடுக்காமல் ஒரு முடிவும் சொல்ல மாட்டேன். காதா மனசா என்று கேட்டு வந்தவளுக்கு, காதைச் சரியாகப் பார்க்காமலே மனசு என்று பதில் கொடுத்து அனுப்பியவள் நான். அட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போன ஷெர்லிதான் ஞாபகத்துக்கு வருகிறாள்.