ஸ்டெனி கொடுக்காத சாவி

இரணியல் ரோட்டில் ஸ்டெனியின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் கிடைக்கும் என்பார்கள். பொய்யில்லை. ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு, சாயா குடித்துவிட்டு வந்து, அதையே மறுபடி முறுக்கிப் பார்க்கிற மனுஷன்.

அவனிடம்தான் பள்ளித் தோழன் ஷாஜன் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஒப்படைத்திருந்தான். இரண்டே சீட்டு, கனமே இல்லாத வண்டி. அதன் சின்ன எஞ்சினைக் கழற்றிவிட்டு இரு மடங்கு சக்தியுள்ளதை வைக்க வேண்டும். சவூதியில், தம்மாமில் வெல்டிங் வேலை பார்க்கிற ஷாஜனுக்கு ஆறு வருஷக் கனவு. குருவி தலையில் பனங்காயா என்று ஊர் சிரித்தது. ஸ்டெனி சிரிக்கவில்லை. எஞ்சினைத் தாங்கும் பிடிகளைப் புதிதாகச் செய்தான். முன்பாரம் கூடாமலிருக்க பேட்டரியைப் பின்னால் மாற்றினான். எட்டு மாதம் ஆயிற்று.

ஷாஜன் லீவில் வந்தான். திங்கட்கிழமை திரும்ப வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் போதகர் வந்து வண்டிக்கு ஜெபம் செய்வார். பிறகு பத்து வயது மகள் ஜெப்சியோடு வட்டக்கோட்டைவரை ஓர் ஓட்டம். எல்லாம் பேசியாகிவிட்டது.

சனிக்கிழமை காலையில் ஸ்டெனி தனியாக ஓட்டிப் பார்த்தான். வண்டி பறந்தது, அவனுக்கே சந்தோஷம் தாங்கவில்லை. வேகத்தில் முதல் தடவை பிரேக் பிடித்தது. மூன்றாம் தடவை பிரேக் மிதி தரைவரை போயிற்று, வண்டி நிற்கவில்லை. புது எஞ்சினின் வேகத்தைத் தாங்கும் பெரிய பிரேக்குக்குச் சொல்லி மூன்று வாரமாகியும் வரவில்லை. மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று மனசு சமாதானம் சொல்லிப் பார்த்தது. ஆறு வருஷம் காத்திருந்தவன் மெதுவாகவா போவான்?

ஜெபம் முடிந்தது. ஷாஜன் கையை நீட்டினான்.

"வண்டி நிக்காது மக்கா. பிரேக் மாத்தாம சாவி தரமாட்டேன்."

"எனக்க வண்டியாக்கும் இது. திங்கக்கெழம நான் போணும்." ஷாஜனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்டெனி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மெல்லக் கேட்டான்: "பக்கத்து சீட்ல யாரு?"

ஷாஜன் திரும்பிப் பார்த்தான். ஜெப்சி புதுச் சுடிதாரில், கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள். நீட்டிய கை தானாக இறங்கியது. ஆனால் கோபம் இறங்கவில்லை. ஸ்டெனியிடம் ஒரு வார்த்தை பேசாமலே பிளைட் ஏறினான்.

புதன்கிழமை பிரேக் வந்து சேர்ந்தது. ஸ்டெனிக்கு அதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போது ஷாஜனின் வீடியோ கால் வந்தது. ஸ்டெனி நேரே ஒர்க்‌ஷாப்புக்குள் போய் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபோனைப் பக்கத்தில் பிடித்தான். ஷாஜன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பிரேக் மாட்டிட்டியா?"

"மாட்டியாச்சு. இருவது தடவ சவுட்டி மிதிச்சுப் பாத்துட்டேன்."

"அப்ப ஜெப்சிய ஏத்திட்டு வட்டக்கோட்டைக்குப் போயிட்டு வா மக்கா. ஃபோன அவ கையில குடு. நானும் கூட வாறேன்."