பதினைந்து மீற்றர் புல்

திரிகோணகணிதம் என்றாலே பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முகம் இருண்டுவிடும். அதனால் புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் ஒவ்வொரு வருடமும் அவர்களைக் கொண்டு சாய்வுமானி செய்விப்பேன். பெரிய கருவி ஒன்றுமில்லை. ஒரு பாகைமானி, அதன் நேர்விளிம்பில் ஒட்டிய குளிர்பானக் குழாய், நடுவிலிருந்து நூலில் தொங்கும் ஒரு நட்டு. குழாய்க்குள்ளால் உச்சியைப் பார்த்தால், நூல் விலகுவதை வைத்து ஏற்றக்கோணத்தைச் சொல்லிவிடலாம்.

அந்த வருடம் மிகத் துப்புரவாகச் செய்து வந்தவள், இரண்டு தவணையும் கணிதத்தில் பெயில் விட்ட பிள்ளை. மூன்றாம் தவணையும் பெயில் என்றால் படிப்பை நிறுத்தி ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதாகத் தாய் சொல்லியிருந்தார். அவள் அதை என்னிடம் பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். எதைக் கேட்டாலும் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை, பல வருடமாக.

பாடசாலைத் தண்ணீர்த் தாங்கியை அளந்தோம். உயரம் பன்னிரண்டு மீற்றர் என்று கட்டியவர்கள் தூணிலேயே எழுதியிருந்ததால் விடையைச் சரிபார்ப்பது சுலபம். அளவுநாடா விளையாட்டு ஆசிரியரிடம் இருந்தது. நானே கவடு வைத்து நடந்தேன். இருபத்தெட்டுக் கவடு, இருபத்தொரு மீற்றர் என்று கரும்பலகையில் எழுதினேன். அந்தப் பிள்ளை முப்பத்தைந்து பாகை எடுத்திருந்தாள். கணக்குச் செய்தால் பதினாறு மீற்றர் வந்தது.

"உம்மட கருவி பிழை, பிள்ளை" என்றேன். யோசிக்காமல் சொன்னேன்.

அவள் நூலை அறுத்து நட்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் இடைவேளை. மேல்மாடியில் கடமைக்கு நின்றேன். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் புல்லுக்குள்ளால் நேரே தாங்கிக்கு ஓடினார்கள். நான் நடந்த பாதை ஒன்பது மீற்றர் போய், மூலையில் திரும்பி, இன்னும் பன்னிரண்டு மீற்றர் போனது. மேலிருந்து பார்த்தால் செங்கோண முக்கோணம். கணித ஆசிரியை இரண்டு பக்கத்தை நடந்துவிட்டு அதை மூன்றாம் பக்கம் என்று எழுதியிருக்கிறாள்.

யுத்தம் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் மிதிவெடி எடுத்தவர்கள் முதலில் துப்புரவாக்கித் தந்தது அந்தப் பாதையை மட்டும்தான். முழுப் புல்லையும் பிறகு துப்புரவாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் அதில் எல்லே விளையாடுகிறார்கள். எனக்கும் தெரியும். என் கால்தான் திரும்பியிருக்கிறது, நான் கவனிக்கவேயில்லை.

வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். "கோணம் சரி. நான்தான் தூரத்தைப் பிழையா அளந்தனான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பாதையால போனீங்கள் எண்டு அப்பவே பாத்தனான், ரீச்சர்."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"ரீச்சர் பிழை விடுவியளோ? எனக்குத்தானே கணக்கு ஓடாது."

வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று ஒன்று வந்ததே பெரிய விஷயம். அளவுநாடாவை வாங்கிக்கொண்டு அவளையும் கூட்டிப் போனேன். புல் தொடங்கும் இடத்தில் என் கால் நின்றுவிட்டது. அவள் நாடாவின் நுனியைப் பிடித்தபடி இறங்கித் திரும்பினாள்.

"நான் முன்னுக்குப் போறன். நான் வைக்கிற இடத்தில காலை வையுங்கோ. அம்மாவும் புல்லுக்க என்னோட இப்பிடித்தான் வாறவா."

அவள் பாதம் என்னுடையதைவிடச் சின்னது. ஒவ்வொரு அடியிலும் என் குதி அவள் தடத்துக்கு வெளியே விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பதினைந்து மீற்றரும் ஒன்றும் நடக்கவில்லை.

தூணடியில் குந்தியிருந்து கணக்கைச் செய்தாள். பதினைந்தை முப்பத்தைந்து பாகையின் தாஞ்சனால் பெருக்கி, தன் கண்மட்டம் ஒன்றரையைக் கூட்டினாள். பன்னிரண்டு.

"சரிதானே, ரீச்சர்?"

சொல்ல வாயைத் திறந்தேன். கண்ணீர்தான் வந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. பிழை என்று நினைத்து, அவசர அவசரமாக விடையை வெட்டிவிட்டு முதலிலிருந்து பெருக்கத் தொடங்கினாள். கொப்பியை அவள் கையிலிருந்து பறித்து, வெட்டிய விடைக்கு மேலேயே பெரிதாகச் சரி போட்டேன்.