கொள்ளின் மேல் ஓடிய கார்

என் மேசைக்கு அடியில், புத்தகக் கட்டுகளுக்குப் பக்கத்தில், இரண்டு இடத்தில் வளைந்த ஓர் இரும்புக் கம்பி கிடக்கிறது. அப்பாவின் காரை முன்னால் நின்று சுழற்றிக் கிளப்பும் ஹேண்டில் அது. கார் பழைய இரும்பாகப் போய்விட்டது. இதை மட்டும் நான் கொடுக்கவில்லை.

யுத்த காலம். செத்துப்போன பாட்டரிக்கு மாற்று கிடைக்கவில்லை. அந்தத் தை மாதத்தில் இந்த ஹேண்டில் எதிர்த்து அடித்ததில் அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. எனக்கு லைசென்ஸ் வந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. அவர் பக்கத்தில் இல்லாமல் நான் ஓட்டியதேயில்லை. கட்டுப் போட்ட கையோடு அவர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு காலையில், இளம்பிள்ளையிலிருந்து அக்கா வீட்டு நெசவாளி ஒருவர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். அக்காவுக்கு முந்தைய மாலையிலிருந்து பிரசவ வலி. மருத்துவச்சி தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாக வேண்டும். மாட்டு வண்டியின் குலுக்கலை அவள் தாங்கமாட்டாள். நெசவாளியே ஹேண்டிலைச் சுழற்றிக் காரைக் கிளப்பிவிட்டு, டாக்டருக்குத் தகவல் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனார். அப்பா ஜன்னல் வழியாகச் சொன்னது ஒன்றுதான்: "எங்கயும் நிறுத்தாத. நின்னா உன்னால கிளப்ப முடியாது."

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டைவிட்டுப் புறப்பட்டதிலிருந்து அந்தச் சொல் எஞ்சினின் இரைச்சலோடு கூடவே ஓடிவந்தது. காலியாக இருந்த பக்கத்து இருக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எதிரே வந்த ஒவ்வொரு வண்டி மாடும் என்னை நிறுத்தவே வருவதாகத் தோன்றியது. ஊர் பின்தங்கி, இருபுறமும் மழையை நம்பிய மேட்டாங்காடு விரிந்தபோதுதான் பிடித்திருந்த மூச்சை விட்டேன்.

ஒரு வளைவைத் தாண்டியதும் சாலையின் முழு அகலத்துக்கும் கொள்ளுச் செடி காயப் பரப்பியிருந்தது. தானியத்தில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். யோசிக்கும் முன்பே என் கால் பிரேக்கை மிதித்தது. கார் ஒருமுறை குலுங்கி, எஞ்சின் அடங்கியது. இறங்கி ஹேண்டிலைச் செருகி முழு பலத்தையும் கொடுத்தேன். அது கால்வட்டத்துக்கு மேல் நகரவில்லை.

செடியைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி, கவைக்கோலை ஊன்றியபடி வந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, எதுக்கு நிறுத்திப்போட்டீங்க? உங்க வண்டி ஏறட்டும்னுதான் போட்டிருக்குது. காத்தால இருந்து மூணே வண்டி, அதுலயும் ஒண்ணு சுத்திக்கிட்டுப் போயிருச்சு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவின் நிலையை நான் சொன்னதும் சிரிப்பு நின்றது. அவள் கவைக்கோலைக் கீழே போட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி, என் கையிலிருந்து ஹேண்டிலை வாங்கினாள். கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காதீர்கள், ஹேண்டில் திருப்பி அடிக்கும், என் அப்பாவின் கை அப்படித்தான் முறிந்தது என்றேன். தன் விரலை ஒரு கணம் பார்த்து, மற்ற நான்கோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். மூன்றாவது சுழற்றலில் எஞ்சின் பிடித்தது.

"ஏறுங்க சாமி. வாரப்பவும் இது மேலயே வாங்க. இன்னொருக்கா மிதிபட்டா நல்லா உதுந்துரும்."

சக்கரங்களின் அடியில் நெற்றுகள் வெடித்த சத்தம் என் உடம்பு முழுவதும் ஏறியது. இளம்பிள்ளையில் எஞ்சினை அணைக்கவேயில்லை. அக்காவைப் பின் இருக்கையில் படுக்கவைத்தார்கள். திரும்பும்போது அவள் முனகலுக்கும் அந்த வெடிப்புக்கும் நடுவே ஊர்ந்தேன். அந்தப் பெண் ஓரத்தில், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். என்னை நிறுத்தச் சொல்லவில்லை. கையை மட்டும் முன்னே வீசினாள், போ என்பதுபோல. நன்றி என்று ஒரு சொல் சொல்ல நின்றிருந்தால் அக்கா என்னவாகியிருப்பாள் என்று தெரியும். நிற்காமல் வந்தேன்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது; இருவரும் பிழைத்தார்கள். ஒரு வாரம் கழித்து பஸ்ஸில் போய் அந்த வளைவில் இறங்கினேன். சாலை சுத்தமாகப் பெருக்கியிருந்தது, காட்டில் ஒருவருமில்லை. அவள் பெயர்கூடக் கேட்காமல் வந்த நான், யாரென்று சொல்லி விசாரிப்பது?

குழந்தைக்கு இப்போது நான்கு வயது. நேற்று இந்த ஹேண்டிலை இழுத்து எடுத்து, இது என்ன என்று கேட்டாள். பதில் சொல்லத் தொடங்கும் முன்பே அவள் கையைப் பிரித்து, கட்டைவிரலை மற்ற நான்கோடு சேர்த்து வைத்தேன்.