இறங்காத கோபுரம்

பட்டு விலை இறங்கப்போவதைக் காஞ்சிபுரத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான். அது பொய். விலை இறங்கவே இல்லை.

அறுபதுகளின் கடைசி. சின்ன காஞ்சிபுரத்தில் எங்களுக்கு ஒரே தறி. நானும் என் மனைவியும் நெய்தோம். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான்; எழுத்துக் கூட்டக் கற்றதெல்லாம் பிறகுதான். ஆனால் சேலைக் கரைக்கு டிசைன் போடும் கட்டம் போட்ட தாளைத் தலைகீழாகக் கொடுத்தாலும் படிப்பேன். பட்டுநூல் கடைப் பலகையில் தினமும் எழுதும் பெங்களூர் விலையை அந்தத் தாளில் புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தேன். புள்ளிகள் படிப்படியாக ஏறின. அச்சு அசலாகக் கோபுரக் கரையின் பாதி. மறுபாதி இறங்கித்தானே ஆகவேண்டும்? தறியில் ஏறிய கோபுரம் இறங்காமல் நான் பார்த்ததில்லை.

இன்னொரு அறிகுறியும் உண்டு. விலை ஏறும்போது கடைக்காரர் நம் முகத்தைப் பார்க்கமாட்டார். இறங்கப்போகிறது என்றால் காபி வரவழைப்பார். அன்று எனக்குக் காபி வந்தது. அவருக்குப் பேரன் பிறந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

மனைவியின் அண்ணன், என் மச்சான், தன் தறியில் நெய்ய ஒரு முகூர்த்தச் சேலைக்குப் பட்டு தேடிக்கொண்டிருந்தார். அமாவாசைக்குள் தருகிறேன் என்று அன்றைய விலைக்கே அவருக்கு விற்றுவிட்டேன். கையில் இல்லாததை விற்பது, விலை இறங்கியபின் வாங்கிக் கொடுப்பது. அதுதான் வித்தை.

"தறியில கோபுரத்த ஏத்துறதும் நாம, எறக்குறதும் நாம. வெலைய யாரு நெய்யறாங்கன்னு தெரியுமாய்யா உனக்கு?" என்றாள் மனைவி.

"காபியே குடுத்துட்டாரும்மா. இன்னும் இன்னா வேணும்?"

மைசூர்ப் பக்கம் மழையில் பட்டுக்கூடு கெட்டுப்போனது. புள்ளி தாளைத் தாண்டிப் போனது. சோற்றுப் பசை தடவி மேலே இன்னொரு தாள் ஒட்டினேன். கலசம் வைக்க இடமே வரவில்லை.

அமாவாசை வந்தது, மச்சானும் வந்தார். ஏறிய விலைக்கு வாங்கிக் கொடுக்க எனக்கு வழியில்லை. வீட்டில் இருந்தது எங்கள் அடுத்த சேலையின் நெடுக்கு இழையான பாவுக்கு வைத்திருந்த பட்டு மட்டும். அதைக் கொடுத்தால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும். மனைவி பெட்டியைத் திறந்து அதை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, அந்தக் கடைக்காரரைப்போல.

மச்சான் வாசல்வரை போனார். நின்றார். சேலை முடியும் தறுவாயில் இருந்த எங்கள் தறியைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தா மாப்ள, புடி. இந்தச் சேலைய நீங்களே நெய்ங்க. கூலிய எங்கிட்ட வாங்கிக்க."

"அப்போ உங்க தறி, மச்சான்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு...

"மாப்ள! வெயில் ஏறுது. தெருவுல பாவ நீட்டிப்போட்டு எல்லாரும் நிக்கிறோம், உள்ள இன்னா எழுதிக்கினு கீற?"

இதை எழுதிக்கொண்டிருக்கையில் வாசலில் நின்று கூப்பிடுவது அவரேதான், இத்தனை வருடம் கழித்தும். அவர் கூப்பிட்டு நான் உட்கார்ந்திருக்க முடியாது.