நாக்கில் வைத்த சர்க்கரைத் தண்ணீர்

என் மகள் பிறந்தது திண்டிவனத்தில். பிறந்ததிலிருந்தே வாயில் நுரை தள்ளியது. துடைக்கத் துடைக்க வந்தது. நர்ஸுக்கு முகம் மாறிவிட்டது. "டாக்டரக் கூட்டிக்கினு வர்றேன். அதுவரைக்கும் வாயில ஒண்ணும் வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறந்த குழந்தைக்கு முதலில் யார் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிறார்களோ, அவர்கள் குணம்தான் வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வளவனூரிலிருந்து மாமியார் அதற்காகவே கிளம்பி வந்துகொண்டிருந்தார். அவர் வாய் எப்படிப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும். அது என் மகளுக்கு வேண்டாம். கூட இருந்தவர் கணவரின் அக்கா. கோபமே வராத மனுஷி.

"நீங்களே வச்சிடுங்க அண்ணி."

"நர்சம்மா வேணாம்னாங்களே."

"ஒரு ஸ்பூன்தானே, ஜல்தி வைங்க."

வைத்தார். குழந்தை இருமியது. உடம்பு நீலமாகிவிட்டது.

விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள். உணவுக்குழாய் பாதியில் மூடிக்கிடந்தது. கீழ்ப்பாதி மூச்சுக்குழாயோடு ஒட்டியிருந்தது. அது பிறவிக் கோளாறு, யார் குற்றமும் இல்லை. ஆனால் சர்க்கரைத் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்ச் சளி கட்டியதால் ஆபரேஷன் நாலு நாள் தள்ளிப்போனது. பிறகு இரண்டு முனைகளையும் இழுத்துத் தைத்தார்கள். தைத்த இடம் கசிந்தது. கசிவு ஆறியதும் தழும்பு இறுகிக் குழாய் சுருங்கியது. அதை விரித்துவிட இதுவரை ஏழு முறை மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது.

"பாவி, புள்ளயக் கொல்லப் பாத்தியேடி!" என்று மாமியார் பெற்ற மகளையே வார்டு வாசலில் வைத்துத் திட்டினார். கணவர் அக்காவோடு பேச்சையே நிறுத்திவிட்டார். அண்ணி என்னை ஒருமுறை பார்த்தார். வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சீ, நானெல்லாம் என்ன ஜென்மம்!

மகளுக்கு இப்போது நாலு வயது. இட்லியைக்கூடக் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். போன மாதம் காணை கிராமத்தில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அண்ணியிடம் போனாள்.

"அத்தை, ஊட்டுங்க."

அண்ணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம் கண்ணு. அத்தை கை ஆவாது. அம்மாகிட்ட போ."

பந்தியே பார்த்தது. என் கணவரும்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் தட்டை வாங்கி இட்லியைப் பிசைய ஆரம்பித்தேன்.