மூங்கில் அடிக்கிற செல்வராசா

செல்வராசாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஜெர்மனியில ஹம் நகரத்துப் பார்சல் களஞ்சியத்தில எட்டு மணித்தியாலம் பெட்டி தூக்கிப்போட்டு வந்தாலும் மனுசன் கதிரையில பத்து நிமிசம் குந்தமாட்டார். யன்னலால எட்டிப் பார்ப்பார், போய்க் குசினி லைற்றைப் போடுவார், நூர்ப்பார், திரும்பி வந்து மேசையில விரலால தட்டுவார்.

"காலில சுடுதண்ணியை ஊத்திக்கொண்டே நிக்கிறியள்?" எண்டு மனுசி மரிவிக் கேப்பா.

மரிவிக் பிலிப்பைன்ஸ்காரி, முதியோர் இல்லத்தில தாதி. வீட்டில மகளோட மூண்டு பேரும் ஜெர்மன்தான் கதைக்கிறது. ஆனா ஏசுறதுக்கெண்டே அவ தமிழ் பழகி வைச்சிருக்கிறா. ஜெர்மனில ஏசினா இவருக்கு உறைக்காதாம்.

இப்பிடிப்பட்ட மனுசன் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் நிலத்தில சம்மாணம் கொட்டி இருக்கிறார் எண்டால் ஆர் நம்புவினம்? ஆனா அது உண்மை. தேவாலயத்துக்குப் பின்னால இருக்கிற மண்டபத்தில மரிவிக் பிலிப்பைன்ஸ் பிள்ளையளுக்கு ஆட்டம் பழக்கிறா. எல்லாம் இங்க பிறந்ததுகள். அம்மா பிலிப்பைன்ஸ், அப்பா ஜெர்மன்காரன், இல்லாட்டி இத்தாலிக்காரன், ஒரு பிள்ளைக்கு மட்டும் யாழ்ப்பாணத்தான். அம்மாவின்ர நாடெண்டால் அதுகளுக்குச் சோறும், ஃபோனில வாற சித்தியும், விமான நிலையத்து அழுகையும்தான்.

"சரித்திரம் சொன்னாக் கொட்டாவி விடுங்கள். முதல்ல கால் படிக்கட்டும்" எண்டுவா மரிவிக்.

கால் படிக்கிற ஆட்டத்துக்கு டினிக்ளிங் எண்டு பேர். வயலில கமக்காரர் வைக்கிற மூங்கில் பொறியளுக்குள்ள அகப்படாமல் துள்ளித் துள்ளிப் போற ஒரு குருவியைப் போல ஆடவேணும். ரெண்டு நீளமூங்கிலை நிலத்தில பலகைக்கு மேல வைச்சு, அந்தத் தலைப்பில ஒராள், இந்தத் தலைப்பில ஒராள் குந்தியிருந்து பிடிப்பினம். ரெண்டுதரம் பலகையில தட்டுறது, மூண்டாந்தரம் மூங்கிலைச் சேர்த்து அடிக்கிறது. மூங்கில் சேர முன்னம் அந்த இடைவெளிக்குள்ள ஆடுறவை பாய்ஞ்சு போய்ப் பாய்ஞ்சு வரவேணும். போகப்போக வேகம் கூடும். பிந்தினாக் கணுக்காலுக்குத்தான் விழும்.

எட்டு வருசத்துக்கு முன்னம் மூங்கில் பிடிக்கிற ஒராள் வரேல்லை. "செல்வா, ஐஞ்சு நிமிசம் பிடியுங்கோ" எண்டா மரிவிக். அந்த ஐஞ்சு நிமிசம் இண்டைக்கும் முடியேல்லை. எதிர்த்தலைப்பில ரொடெல், லொறி ஓட்டுற பிலிப்பைன்ஸ்காரன். பிள்ளையள் செல்வராசாவை "டீட்டோ" எண்டு கூப்பிடுங்கள், எங்கட மாமா மாதிரி. அதில மனுசனுக்குச் சரியான புழுகமும் சந்தோசமும்.

"உனக்கென்னடாப்பா விசரே? எங்கட பிள்ளையைக் கொண்டுபோய் ஆற்றையோ ஆட்டத்துக்கு விட்டிட்டு, நீ மூங்கில் அடிக்கிறாய்" எண்டு வேலையிடத்துச் சிறீதரன் ஒருநாள் நக்கலடிச்சான்.

"ஆற்றையோ ஆட்டமோ? அவளின்ர தாயின்ர ஆட்டம். சனி தமிழ்ப் பள்ளிக்கூடம், ஞாயிறு மூங்கில். உனக்கெங்க நோகுது?" எண்டிட்டு வந்திட்டார்.

வெளியில சொல்லாத கதை ஒண்டும் இருக்கு. மரிவிக்கும் மகள் மிதுசாவும் அந்த மண்டபத்துக்குள்ள போனா வேற ஆக்களாகியிடுவினம். அவையின்ர பாட்டு, அவையின்ர பகிடி, அவையின்ர சிரிப்பு. இவருக்கு ஒரு இழவும் விளங்காது. அங்க இவருக்கெண்டு இருந்தது அந்த மூங்கிலின்ர ஒரு தலைப்பு மட்டும்தான்.

நிலத்தில இருந்தால் முகம் தெரியாது, கால்தான் தெரியும். எந்தக் கால் எந்தப் பிள்ளையெண்டு அவருக்குப் பாடம். அதுக்குள்ள மிதுசாவின்ர கால் வந்தால் அவருக்கு நெஞ்சு ஒருக்கா அடைச்சிட்டுத்தான் திறக்கும்.

ஆனியில பான் நகரத்தில பெரிய ஒன்றுகூடல். நாலைஞ்சு ஊரில இருந்து பிலிப்பைன்ஸ் குழுக்கள் வருகுது. கடைசிச் சுற்று, எல்லாத்திலும் வேகமானது, பதினாலு வயசு மிதுசா தனிய ஆடவேணும். அதுக்கு நாலு கிழமைக்கு முன்னம் பழகேக்க மிதுசாவின்ர கால் மூங்கிலில தடக்குப்பட்டு முகங்குப்புற விழுந்தாள். சொண்டு வெடிச்சு ரத்தம்.

செல்வராசா மூங்கிலை எறிஞ்சுபோட்டு ஓடினார். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அப்பா! ஏன் எனக்கு மட்டும் மெதுவா அடிக்கிறியள்?"

"நானோ? ஆர் சொன்னது? எல்லாருக்கும் ஒரே மாதிரித்தானே அடிக்கிறன்!"

மரிவிக் ஃபோனில எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினா. மற்றப் பிள்ளையள் ஆடேக்க மூங்கில் ஒரே சத்தமாச் சேருது. மிதுசா வந்த உடன ரெண்டு சத்தம். முதல் ரொடெலின்ர பக்கம், பேந்து இவரின்ர பக்கம். மூங்கில் கோணலாப் போய், அந்தக் கோணலிலதான் பிள்ளை தடக்குப்பட்டவள். விழாமல் இருக்கட்டுமெண்டு பிந்தின கைதான் விழுத்தியிருக்கு.

"எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்" எண்டு ரொடெல் தலையைச் சொறிஞ்சான். பாத்தால் மண்டபத்தில எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. செல்வராசாவுக்கு வெக்கத்தில காது சுட்டுது.

"பானிலயும் இப்பிடியெண்டால் எழும்புங்கோ செல்வா. வேற ஆளை இருத்துறன்" எண்டா மரிவிக்.

வீட்டு வாசலில வைச்சு மிதுசா சொன்னாள்: "நான் நல்லா ஆடுறன் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன் அப்பா. எல்லாம் நீங்கள் விட்டுத் தந்ததாம்." சொல்லிப்போட்டு உள்ள போனாள். அந்தாளுக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்லை.

அதுக்குப் பிறகு அவர் பட்ட அந்தரம் கொஞ்சநஞ்சமில்லை. பெட்டி தூக்கேக்க ஒண்டு, ரெண்டு, மூண்டு. சிவப்பு லைற்றில காரை நிப்பாட்டிப்போட்டு ஸ்டியரிங்கில ஒண்டு, ரெண்டு, மூண்டு. பின்னால வந்தவன் ஹோர்ன் அடிச்சதும் கேக்கேல்லை. வீட்டில கூட்டுற தும்புத்தடி ரெண்டை வைச்சு மரிவிக்கின்ர காலுக்கு அடிச்சுப் பழகினார். ஒருதரமும் பிந்தேல்லை.

"எனக்கு விழுந்தாப் பரவாயில்லையாக்கும்!" எண்டு அவ சிரிச்சா.

ஆனா ஞாயிற்றுக்கிழமை மிதுசாவின்ர கால் உள்ள வந்தால் கை தானா இழுபடுது. நாசமாப் போன கை! என்ன செய்யிறது?

கடைசியில ரொடெல்தான் ஒரு வழி சொன்னான். "காலைப் பாக்காதை. என்ர கையைப் பார். என்ர கை போற நேரம் உன்ர கையும் போகட்டும்."

பானுக்குப் போற வழியில மிதுசா பின்சீற்றில இருந்து அமைதியாச் சொன்னாள்: "அப்பா, நீங்கள் மெதுவா அடிச்சால் நான் நடுவில நிண்டிடுவன். எல்லாருக்கும் முன்னால. மிச்சம் ஆடமாட்டன்."

அவள் சொன்னாச் செய்வாள். தாயின்ர குணம்.

மண்டபம் நிறையச் சனம். மற்றச் சுற்றுகள் முடிஞ்சு மிதுசா தனிய வந்தாள். செல்வராசா கண்ணைத் தூக்கி ரொடெலின்ர கையில வைச்சார். முறிஞ்ச நகம், லொறி ஓட்டித் தடிச்ச விரல். தட்டு, தட்டு, சேர். தட்டு, தட்டு, சேர். பாட்டு வேகம் எடுத்துது. ரொடெலின்ர கை வேகம் எடுத்துது. கீழ பார், ஒருக்காப் பார் எண்டு மனம் பிடிச்சு உலுப்புது. பாக்கேல்லை.

திடீரெண்டு மூங்கில் சேரேல்லை. மரத்தில மரம் படுற சத்தம் வரவேண்டிய இடத்தில மெத்தெண்டு ஒண்டு. அது எலும்பெண்டு அவரின்ர உள்ளங்கைக்கு விளங்கிட்டுது. ஐயோ, என்ர பிள்ளை! நிப்பாட்டு எண்டு உடம்பு முழுக்கக் கத்துது. ரொடெலின்ர கை நிக்கேல்லை. செல்வராசா பல்லைக் கடிச்சுக்கொண்டு அடிச்சார். கண்ணால தண்ணி ஓடுது, துடைக்கக் கையில்லை. தட்டு, தட்டு, சேர். ஒரே சத்தம். கடைசி வரைக்கும் ஒரே சத்தம்.

சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சுது. செல்வராசா மூங்கிலைப் பிடிச்சபடி நிலத்திலேயே இருந்தார். மிதுசா நொண்டி நொண்டி வந்து அவருக்கு முன்னால குந்தினாள். கணுக்கால் நீலமாக் கண்டிப்போய் வீங்கியிருந்துது. மூஞ்சி முழுக்கச் சிரிப்பு.

"அப்பா, கண்டனீங்களே?"

"நான் பாக்கேல்லை பிள்ளை. சத்தியமா ஒருக்காலும் பாக்கேல்லை. என்ர கைதான்..."

"உங்கட கை இல்லை. நான்தான் பிந்தினனான். என்ர பிழை அப்பா! நீங்கள் சரியாத்தான் அடிச்சனீங்கள்."

"நோகுதோ?"

"சரியா நோகுது" எண்டு சொல்லி அவரின்ர கண்ணைத் தன்ர சட்டைக்கையால துடைச்சுவிட்டாள். "அடுத்தமுறை இன்னும் கொஞ்சம் கெதியா அடியுங்கோ. என்னால ஏலும்."

செல்வராசா ஓம் எண்டார்.